பாட்டுத் தட்டில் பதுங்கிய ‘மாயாவி’! 2005 வருடக் கடைசியில் அமெரிக்காவை உலுக்கிய சி.டி. விவகாரம்

காசு கொடுத்து வாங்கிய பாட்டு சி.டி. அது. திருட்டு சி.டி. அல்ல. பிளாட்பாரத்தில் வாங்கியதும் அல்ல. பெரிய கம்பெனியின் முத்திரையோடு, கடையில் ரசீது போட்டு வாங்கிய அசல் சரக்கு!

அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டவர்கள் பாட்டுக் கேட்டார்கள். தட்டை எடுத்து உறையில் வைத்தார்கள். வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ஆனால் தட்டோடு வந்த ஒரு ஆசாமி மட்டும் வெளியே போகவில்லை. கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒளிந்து கொண்டான். தேடினாலும் கண்ணில் படமாட்டான். பிடித்து வெளியே தள்ளினால், போகிற போக்கில் வீட்டுச் சாமானை உடைத்துவிட்டுப் போவான்.

யார் அந்த ஆசாமி? அனுப்பி வைத்தது யார்? 2005-ம் ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களும் அமெரிக்காவில் இதே பேச்சுதான்.

31-ந்தேதி இரவு

குட்டை உடைத்தவர் பெயர் மார்க் ருசினோவிச். கம்ப்யூட்டரின் அடிவயிறு வரை போய்ப் பார்க்கத் தெரிந்த நிபுணர். கம்ப்யூட்டருக்குள் மறைந்து கிடப்பதைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை அவரே தயாரித்து வைத்திருந்தார்.

ஒருநாள் அந்தக் கருவியைத் தன் சொந்த கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்த்தார். தூக்கிவாரிப் போட்டது! அவர் போடாத பைல்கள். அவர் வைக்காத புரோகிராம். எல்லாம் மறைந்து கிடந்தன.

ஊருக்கெல்லாம் பூட்டு செய்து கொடுப்பவர் வீட்டிலேயே திருடன் புகுந்த கதை. சும்மா விடுவாரா?

நூல் பிடித்துக்கொண்டே போனார். அது ‘வான் ஜான்ட்’ சகோதரர்கள் பாடிய பாட்டு சி.டி.யில் போய் நின்றது. அவர் விலை கொடுத்து வாங்கிய தட்டு. வெளியிட்ட கம்பெனி சோனி பி.எம்.ஜி. அந்த நாளில் உலகின் மிகப் பெரிய 4 இசைக் கம்பெனிகளில் அதுவும் ஒன்று.

2005 அக்டோபர் 31-ந்தேதி, தான் கண்டதை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி வெளியிட்டுவிட்டார் ருசினோவிச். அன்று அமெரிக்காவில் பேய் வேடம் போட்டு விளையாடும் ஹாலோவீன் பண்டிகை. பொருத்தமான நாள்தான்!

எப்படி ஒளிந்தான்?

அந்த சாப்ட்வேரின் பெயர் எக்ஸ்.சி.பி. இங்கிலாந்தில் ‘பர்ஸ்ட் 4 இன்டர்நெட்’ என்ற கம்பெனி தயாரித்தது. ஒரு தட்டில் இருந்து மூன்று பிரதிக்கு மேல் எடுக்க விடாமல் தடுப்பது அதன் வேலை. பாட்டுத் திருட்டைத் தடுக்கிறோம் என்று சொல்லித்தான் சோனி பி.எம்.ஜி. இதை 52 ஆல்பங்களில் சேர்த்தது.

பிரதி எடுப்பதைத் தடுக்கட்டும், யார் வேண்டாம் என்றது? செய்த விதம்தான் வில்லங்கம்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ‘உள்ளே என்னென்ன பைல் இருக்கிறது?’ என்று கேட்டால் அது பட்டியல் காட்டும். அந்தக் கேள்வி போகிற வழியிலேயே இவன் உட்கார்ந்து கொண்டான். பட்டியல் வரும்போது தன் பெயரை மட்டும் அடித்துவிட்டு மீதியை அனுப்பினான். வாசல் காவல்காரனைக் கையில் போட்டுக்கொண்டு, ‘வீட்டில் யாரும் இல்லை’ என்று சொல்ல வைப்பது போல! இப்படிப்பட்ட மறைப்பு வேலைக்கு ‘ரூட்கிட்’ என்று பெயர். அதுவரை கம்ப்யூட்டர் கொள்ளையர்கள் கையில் இருந்த ஆயுதம் அது.

அதோடு விட்டானா? தனக்கு வைத்துக்கொண்ட பெயரைப் பாருங்கள். விண்டோசுக்கே சொந்தமான ஏதோ ஒரு வேலைக்காரன் போலத் தோன்றும்படி ‘பிளக் அண்ட் பிளே டிவைஸ் மேனேஜர்’ என்று சூட்டிக்கொண்டான். மாறுவேடம்!

பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு நொடிக்கு ஒரு தடவை, கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம்களை எல்லாம் நோட்டம் விட்டுக்கொண்டே இருந்தான். கம்ப்யூட்டரின் சக்தி அதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

ருசினோவிச் அவனைப் பிடுங்கி எறிந்தார். அடுத்த நிமிடம் கம்ப்யூட்டரின் சி.டி. டிரைவே காணாமல் போய்விட்டது! அவர் நிபுணர், சரி செய்துகொண்டார். சாதாரண குடும்பத்துக்காரர் என்ன செய்வார்? ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதுதான்.

உண்மையில் ரிப்பேர்காரர் ஒருவர்தான் முதலில் மோப்பம் பிடித்தார். நியூயார்க்கில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அவர், வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களில் இந்த வினோதத்தைப் பார்த்துவிட்டு, பின்லாந்து நாட்டு ‘எப்-செக்யூர்’ என்ற பாதுகாப்பு கம்பெனிக்குத் தெரிவித்தார். அந்தக் கம்பெனி அக்டோபர் முதல் வாரத்திலேயே சோனி பி.எம்.ஜி.யை உஷார்படுத்தியது. ஊர் அறிய விஷயம் வெடிக்கும்வரை கடையில் விற்பனை நிற்கவில்லை.

திருட்டு போனால் பாட்டையும் அழி!

‘நாங்கள் சொல்லாமல் வைக்கவில்லை. தட்டைப் போட்டதும் ஒப்பந்தம் திரையில் வருகிறது. சம்மதம் என்று அவர்கள்தானே அமுக்குகிறார்கள்?’ என்று கம்பெனி தரப்பில் கேட்கலாம். அந்த நீளமான ஒப்பந்தத்தில் ஒளிந்துகொள்ளும் வித்தையைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

இருந்த வரிகளோ சிரிப்பதா, அழுவதா என்று கேட்க வைப்பவை.

வீட்டில் திருடன் புகுந்து சி.டி.யைக் கொண்டுபோய்விட்டால், கம்ப்யூட்டரில் உள்ள அந்தப் பாட்டையும் நீங்கள் அழித்துவிட வேண்டும்! அசல் தட்டு உங்களிடம் இல்லை அல்லவா? திவாலானால் அப்போதும் அழிக்க வேண்டும். நாட்டை விட்டுக் குடிபோனாலும் அழிக்க வேண்டும். இந்த சாப்ட்வேரால் உங்களுக்கு என்ன சேதம் வந்தாலும் கம்பெனியின் பொறுப்பு 5 டாலருக்கு மேல் போகாது!

பறிகொடுத்தவனையே தண்டிக்கும் இந்த வாசகங்களைத் தோண்டி எடுத்து ஊருக்குக் காட்டியது, எலக்ட்ரானிக் பிரான்டியர் பவுண்டேஷன் என்ற அமைப்பு. மின்னணு உலகில் மக்கள் உரிமைக்காக வழக்காடும் வக்கீல்கள் அதில் இருக்கிறார்கள்.

நிழலில் நுழைந்த நிஜத் திருடர்கள்

கம்பெனி ஒளிந்தால் ஒளிந்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன நஷ்டம் என்று அலட்சியமாக இருந்தவர்களும் உண்டு. பத்தே நாளில் அவர்கள் வாயடைத்துப் போனது.

எக்ஸ்.சி.பி. தன் பைல்களை அடையாளம் காண ஒரு குறி வைத்திருந்தது. பெயரின் ஆரம்பத்தில் முன்னும் பின்னும் டாலர் குறி, நடுவில் எஸ், ஒய், எஸ் என்று மூன்று எழுத்து. இந்தக் குறியோடு தொடங்கும் பைல் யாருடையதாக இருந்தாலும் சரி, அது மறைந்துவிடும். சோனியின் பைலா, வேறு எவன் பைலா என்று அது பார்க்காது!

கொள்ளையர்களுக்குக் கசக்குமா?

முதலில் கம்ப்யூட்டர் விளையாட்டில் பித்தலாட்டம் செய்பவர்கள், தங்கள் ஏமாற்று புரோகிராமுக்கு இந்தப் பெயரைச் சூட்டி மறைத்தார்கள். ஆட்டத்தைக் கண்காணிக்கும் காவல் சாப்ட்வேர் கண்ணில் அது படவில்லை. அது சின்ன விஷயம்.

நவம்பர் 10-ந்தேதி வந்தது பெரிய விஷயம். ‘எங்கள் பத்திரிகையில் உங்கள் போட்டோ வரப்போகிறது, சரியா என்று பாருங்கள்’ என்று இங்கிலாந்துப் பத்திரிகை பெயரில் ஒரு மின்னஞ்சல் சுற்றியது. ஆசையோடு திறந்தவர் கம்ப்யூட்டரில் ஒரு நாச புரோகிராம் இறங்கியது. கம்ப்யூட்டரை வெளியாளின் கைக்கு ஒப்படைக்கும் ரகம். அதன் பெயரும் அந்த டாலர் குறியோடுதான் தொடங்கியது. சோனி பி.எம்.ஜி. சி.டி. போட்டுக் கேட்ட கம்ப்யூட்டர் என்றால் அதற்கு ராஜபோகம். யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

காசு கொடுத்துப் பாட்டு வாங்கியவன் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கள்ளப் பிரதி வாங்கியவன் வீட்டில் இந்த வம்பே இல்லை!

வாயைக் கொடுத்து...

இந்த நேரத்தில் கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கலாம். செய்யவில்லை.

நவம்பர் 4-ந்தேதி கம்பெனியின் டிஜிட்டல் வியாபாரத் தலைவர் தாமஸ் ஹெஸ்சி ரேடியோ பேட்டி கொடுத்தார். பெரும்பாலான ஜனங்களுக்கு ரூட்கிட் என்றால் என்ன என்றே தெரியாது, பிறகு அதைப்பற்றி அவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்கிற அர்த்தத்தில் பேசிவிட்டார். எரிகிற நெருப்பில் ஒரு டின் எண்ணெய்!

அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கே பொறுக்கவில்லை. அத்துறையின் உதவிச் செயலாளர் ஸ்டூவர்ட் பேக்கர், கம்பெனிக்காரர்கள் கூடியிருந்த கூட்டத்திலேயே முகத்தில் அடித்தாற்போல் சொன்னார்: அறிவுச் சொத்து உங்களுடையதாக இருக்கலாம், கம்ப்யூட்டர் உங்களுடையது அல்ல என்று. சோனியின் பெயரை அவர் எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இல்லை.

சரி, கழற்றித் தருகிறோம் என்று கம்பெனி முன்வந்தது. அதற்கு விண்ணப்பம் எழுத வேண்டும், மின்னஞ்சல் முகவரி கொடுக்க வேண்டும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். நம்மூர் ரேஷன் கார்டு கெட்டது போங்கள்! காத்திருந்து வாங்கிய மருந்தோ நோயைவிட மோசம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட் பெல்டனும், அவருடைய மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மேனும் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். கழற்றும் கருவி ஒரு ஓட்டையை விட்டுவிட்டுப் போவது தெரிந்தது. அதன் வழியாக எந்த இணையதளமும் அந்தக் கம்ப்யூட்டருக்குள் தன் இஷ்டத்துக்கு எதையும் ஏற்றலாம்!

பூட்டு மாற்ற வந்தவன் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டுப் போன கதை.

இன்னொரு கூத்தும் அம்பலமானது. இலவசமாக எழுதி, சில நிபந்தனைகளோடு உலகத்துக்குக் கொடுக்கப்பட்ட வேறொருவரின் சாப்ட்வேர் வரிகள் எக்ஸ்.சி.பி.க்குள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நிபந்தனைகள் காற்றில் பறந்திருந்தன. திருட்டைத் தடுக்க வந்த காவலாளியின் பையைச் சோதித்தால் அடுத்த வீட்டுச் சாமான்!

இத்தனை கெடுபிடியும் எவ்வளவு பலம் என்று பார்த்தால் அதுவும் சிரிப்புத்தான். தட்டின் வெளி ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு துண்டு டேப்பை ஒட்டினால் போதும், காவல் காலி என்று ‘கார்ட்னர்’ ஆலோசனை நிறுவனம் போட்டு உடைத்தது.

எத்தனை பேர் மாட்டினார்கள்?

47 லட்சம் தட்டுகள் தயாராகி இருந்தன. அதில் 21 லட்சம் தட்டுகள் விற்றுப்போயிருந்தன. இது கம்பெனியே கொடுத்த கணக்கு.

எத்தனை கம்ப்யூட்டரில் இறங்கியது? டான் காமின்ஸ்கி என்ற நிபுணர் ஒரு தந்திரம் செய்தார். இந்த சாப்ட்வேர் அவ்வப்போது கம்பெனியின் முகவரியைத் தேடும். இணையத்தில் முகவரி சொல்லும் சர்வர்கள், சமீபத்தில் யாராவது கேட்ட முகவரியைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருக்கும். ‘இந்த முகவரியை உன்னிடம் யாராவது கேட்டார்களா?’ என்று உலகம் முழுக்க உள்ள சர்வர்களிடம் விசாரித்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் போய் டிரங்கால் சீட்டைப் புரட்டுவது போன்ற துப்பறியும் வேலை. 5 லட்சத்து 68 ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் ‘ஆமாம்’ என்று பதில் வந்தது!

ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு கம்ப்யூட்டரா, நூறு கம்ப்யூட்டரா என்பது வேறு விஷயம்.

நவம்பர் 11-ந்தேதி இந்த ரகத் தட்டுகளின் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. அடுத்த சில நாளில், கடைகளில் உள்ள தட்டுகளைத் திரும்பப் பெறுவதாகவும், வாங்கியவர்களுக்கு மாற்றிக் கொடுப்பதாகவும் அறிவிப்பு வந்தது. மைக்ரோசாப்ட்டும் இதை வேண்டாத சரக்காக முத்திரை குத்தி, நீக்குவதற்கு வழி செய்தது.

அறிவிப்பு வந்தால் ஆயிற்றா? நியூயார்க் அட்டர்னி ஜெனரலாக இருந்த எலியட் ஸ்பிட்சர், நவம்பர் கடைசியில் தன் ஆட்களை வாடிக்கையாளர் போலக் கடைகளுக்கு அனுப்பினார். அதே தட்டுகள் ஜோராக விற்றுக்கொண்டிருந்தன! அமெரிக்காவில் வருடத்தின் பெரிய வியாபார சீசன். கல்லாவில் உட்கார்ந்தவர் எதைக் கண்டார்?

பாவம், பாடியவர்கள் மேலும் சேறு தெறித்தது. நீல் டயமண்ட், செலின் டியான் போன்ற பெரிய பெயர்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. ‘ஸ்விட்ச்புட்’ குழுவின் கித்தார் கலைஞர் ஒருவர், விவகாரம் வெடிக்கும் முன்பே, இந்தத் தடுப்பைத் தாண்டுவது எப்படி என்று ரசிகர்களுக்குத் தானே எழுதிக் கொடுத்துவிட்டார். சொந்தப் பாட்டை ரசிகன் நிம்மதியாகக் கேட்கட்டுமே என்ற ஆதங்கம்.

கோர்ட்டில்...

நவம்பர் 21-ந்தேதி டெக்சாஸ் மாகாண அட்டர்னி ஜெனரல் கிரெக் அபாட் வழக்குப் போட்டார். (இவர்தான் பின்னாளில் அந்த மாகாணத்தின் கவர்னர் ஆனவர்.) உளவு சாப்ட்வேருக்கு எதிராக டெக்சாஸ் அந்த ஆண்டுதான் புதுச் சட்டம் கொண்டுவந்திருந்தது. ஒவ்வொரு மீறலுக்கும் 1 லட்சம் டாலர் வரை அபராதம் கேட்க அதில் இடம் உண்டு.

எலக்ட்ரானிக் பிரான்டியர் பவுண்டேஷனும் கோர்ட்டுக்குப் போனது. பொதுமக்கள் சார்பில் வழக்குகள் குவிந்தன.

விசாரிக்க விசாரிக்க இன்னொரு பூதமும் கிளம்பியது. அதன் பெயர் மீடியாமேக்ஸ். தயாரித்தது சன்காம் என்ற அமெரிக்க கம்பெனி. எக்ஸ்.சி.பி.யைவிடப் பல மடங்கு அதிகமான தட்டுகளில் இது இருந்தது. இதற்கு ஒளிந்துகொள்ளத் தெரியாது. ஆனால் ‘சம்மதம் இல்லை’ என்று ஒருவர் அமுக்கினாலும் சில பைல்களை இறக்கிவிடும்! வாசலில் ‘வேண்டாம்’ என்று சொன்ன பிறகும் மூட்டையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகிற வியாபாரி மாதிரி. டிசம்பரில் டெக்சாஸ் வழக்கில் இதுவும் சேர்க்கப்பட்டது.

டிசம்பர் முதல் வாரத்தில் மீடியாமேக்சின் பாதுகாப்பு ஓட்டையை அடைக்க ஒரு ஒட்டு வெளியிட்டார்கள். மறுநாளே அந்த ஒட்டிலும் ஓட்டை என்று பிரின்ஸ்டன்காரர்கள் கண்டுபிடித்தார்கள்.

கடைசியில், 2005-ம் ஆண்டு முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, கம்பெனி சமரசத்துக்கு வந்தது.

2006 ஜனவரி 6-ந்தேதி நியூயார்க் பெடரல் நீதிபதி நவோமி பக்வால்ட் அதற்கு முதற்கட்ட ஒப்புதல் கொடுத்தார். மே மாதம் இறுதி ஒப்புதல். எக்ஸ்.சி.பி. தட்டு வாங்கியவர்களுக்கு நல்ல தட்டு மாற்றிக் கொடுக்க வேண்டும். அத்துடன் ஏழரை டாலர் ரொக்கமும் ஒரு ஆல்பமும், அல்லது ரொக்கம் இல்லாமல் மூன்று ஆல்பம். 5 டாலருக்கு மேல் பொறுப்பில்லை என்று எழுதியவர்கள் ஏழரை டாலர் எண்ணி வைக்க வேண்டியதாயிற்று! மீடியாமேக்ஸ் வாங்கியவர்களுக்கு ரொக்கம் கிடையாது. பாட்டு மட்டும்.

ஏழரை டாலர் ஒரு காசா என்று கேட்கலாம். கம்ப்யூட்டரை ரிப்பேருக்குக் கொடுத்தவர் செலவு அதில் கால் பங்கு கூடத் தேறாது. அந்தக் குறை அடுத்த வருடக் கடைசியில்தான் கொஞ்சம் தீர்ந்தது.

2006 டிசம்பர் 19-ந்தேதி டெக்சாஸ், கலிபோர்னியா மாகாணங்களுக்குத் தலா 7 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது. இரண்டு நாள் கழித்து மேலும் 40 மாகாணங்களோடு உடன்பாடு, 42 லட்சத்து 50 ஆயிரம் டாலர். தட்டைக் கழற்றப் போய்க் கம்ப்யூட்டர் கெட்டவர்களுக்கு 175 டாலர் வரை நஷ்டஈடு கேட்கும் வழி பிறந்தது. 2007 ஜனவரி 30-ந்தேதி மத்திய வர்த்தகக் கமிஷனும் தன் பங்குக்கு ஒரு உடன்பாடு போட்டது.

கூட்டாளிகள் சண்டை

2007 ஜூலையில் ஒரு வேடிக்கை நடந்தது. மீடியாமேக்ஸ் தயாரித்த கம்பெனி அதற்குள் பெயரை மாற்றிக்கொண்டு அமர்ஜென்ஸ் குரூப் ஆகியிருந்தது. அதன் மீது சோனி பி.எம்.ஜி.யே 1 கோடியே 20 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டது. ‘இவர்கள் கொடுத்த மோசமான சரக்கால்தான் எங்களுக்கு இத்தனை நஷ்டம்’ என்பது வாதம். சரக்கை வாங்கித் தட்டில் போட்டு விற்றது யாராம்?

ருசினோவிச் கதை வேறு மாதிரி போனது. அவருடைய கம்பெனியை 2006-ல் மைக்ரோசாப்ட் விலைக்கு வாங்கிக்கொண்டு, அவரையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டது.

இணையத்தில் விற்கும் பாட்டுகளுக்குப் போட்ட பூட்டும் மெல்லக் கழன்றது. நான்கு பெரிய இசைக் கம்பெனிகளில் இ.எம்.ஐ. 2007 நடுவிலேயே பூட்டில்லாமல் விற்க வந்துவிட்டது. பிறகு யுனிவர்சல். 2007 டிசம்பர் 27-ந்தேதி வார்னர் வந்தது.

நாலாவது கம்பெனி புது வருடம் பிறந்து 10 நாள் வரை இழுத்தது. 2008 ஜனவரி 10-ந்தேதி அமேசான் கடையில் பூட்டில்லாத பாட்டு விற்கச் சம்மதித்த அந்தக் கடைசி கம்பெனி, சோனி பி.எம்.ஜி.